முப்பது நாளில் ஐந்து கிலோ: எடைக் குறைப்பு விளம்பரங்களைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரை நடந்து வந்தால் எடைக் குறைப்பு விளம்பரம் நாலைந்தாவது கண்ணில் படும். காலையில் ஷேக் கலக்கிக் கொடுக்கும் சென்டர், கொள்ளுக் கஞ்சி மாவு, ஏற்காட்டில் மூன்று நாள் முகாம், புதிதாகத் திறந்த ஜிம். எல்லாவற்றிலும் 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படம், கீழே கிலோக் கணக்கு. புள்ளியியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதனால் மாணவர்கள், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள், காந்தி ஸ்டேடியத்தில் காலை நடை வருகிறவர்கள் எல்லோரும் "இதை நம்பலாமா?" என்று கேட்பார்கள். இதில் போவது பணம் மட்டுமல்ல, உடம்பும்தான். ஆகவே அவர்கள் கேட்டதையெல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும்.

முன்னே இருந்த எடையிலிருந்து பின்னே இருக்கும் எடையைக் கழித்தால் விஷயம் தெரிந்துவிடுமே, இதற்குச் சோதனை எதற்கு?

எதுவும் செய்யாமல் இருந்தாலே எடை ஏறி இறங்கும் என்பதால்தான். ஒரே ஆள் காலையில் வெறும் வயிற்றில் ஒரு எடை, ராத்திரி சாப்பிட்டு முடித்தபின் இன்னொரு எடை இருப்பார். இரண்டுக்கும் ஒன்று ஒன்றரை கிலோ வித்தியாசம் சாதாரணம். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுத் தராசில் ஏறினால் அப்போதே ஒரு கிலோ கூடிவிடும். முந்தின நாள் சாயங்காலம் தட்டுவடை செட், ஊறுகாய் என்று உப்பு அதிகம் போயிருந்தால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டியும் ஏறி இறங்கும்.

ஆகவே ஒருவருக்கு ஒன்றரை கிலோ குறைந்தது என்றால் கொழுப்பும் கரைந்திருக்கலாம், தண்ணீரும் வடிந்திருக்கலாம். ஒருவரை வைத்துக்கொண்டு அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. பத்துப் பேரையோ இருபது பேரையோ பார்த்தால், இந்த ஏற்ற இறக்கம் சிலருக்குக் கூடுதலாகவும் சிலருக்குக் குறைவாகவும் போய் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதற்கு மேலும் ஒரு குறைவு மிஞ்சி நிற்கிறதா என்பதைத்தான் சோதனை கேட்கிறது.

இணைக் கூறு சோதனை என்கிறார்களே, அது என்ன?

'பேர்டு டி டெஸ்ட்' என்று கல்லூரியில் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு அளவு இருக்கிறது: முன் எடை, பின் எடை. இரண்டும் ஒரே ஆளுடையவை என்பதால் இணை. முதல் வேலையாக ஒவ்வொருவருக்கும் முன் எடையிலிருந்து பின் எடையைக் கழித்து வித்தியாசத்தை எழுதிக்கொள்ள வேண்டும். அதன்பின் முன் எடையும் வேண்டாம், பின் எடையும் வேண்டாம். அந்த வித்தியாசங்கள் மட்டும் போதும்.

"உண்மையில் மாற்றம் ஒன்றுமில்லை, சராசரி வித்தியாசம் பூஜ்யம்" என்று முதலில் வைத்துக்கொள்கிறோம். இதுதான் நம் கருதுகோள். அது உண்மையாக இருந்தால் கையில் இருக்கும் எண்கள் இப்படி வருவது எவ்வளவு அரிது என்று பார்க்கிறோம். மிக அரிது என்றால் கருதுகோளைக் கைவிடுகிறோம்.

ஒரு கணக்கைப் போட்டே காட்ட முடியுமா?

போடலாம். கீழே உள்ளவை விளக்கத்துக்காக நானே எழுதிய எண்கள், எந்தக் கம்பெனியுடையதும் அல்ல. பத்துப் பேர் முப்பது நாள் கொள்ளுக் கஞ்சி குடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முன் எடை (கிலோவில்): 72.4, 81.0, 65.8, 90.2, 77.5, 68.3, 84.6, 74.9, 70.1, 79.2.

பின் எடை, அதே வரிசையில்: 70.6, 80.4, 63.3, 87.1, 77.9, 67.1, 82.6, 74.6, 68.5, 76.9.

குறைந்தது: 1.8, 0.6, 2.5, 3.1, −0.4, 1.2, 2.0, 0.3, 1.6, 2.3.

ஐந்தாவது ஆளுக்குக் கழித்தல் குறி இருப்பதைக் கவனியுங்கள். அவருக்கு 400 கிராம் கூடியிருக்கிறது. அவரை விட்டுவிடக் கூடாது.

வித்தியாசங்களின் கூட்டுத்தொகை 15, சராசரி 1.5 கிலோ. ஒவ்வொரு வித்தியாசமும் 1.5-லிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எடுத்து, அந்த விலகலை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 10.5 வரும். அதை ஒன்பதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.08. இது திட்ட விலக்கம், அதாவது ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுபடுகிறது என்பது. இதைப் பத்தின் வர்க்கமூலமான 3.162-ஆல் வகுத்தால் 0.342 கிடைக்கும். இது திட்டப்பிழை, அதாவது நம் சராசரி எவ்வளவு தள்ளாடக்கூடியது என்பது.

1.5-ஐ 0.342-ஆல் வகுத்தால் 4.39. இதுதான் டி மதிப்பு. பத்து ஆளில் ஒன்று குறைத்து, டி அட்டவணையில் 9-க்கான வரிசையைப் பாருங்கள். 5 சதவீத அளவில் எல்லைக்கோடு 2.262 என்று இருக்கும். நம்முடைய 4.39 அதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. பி மதிப்பு, அதாவது மாற்றமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு, 0.002-க்கும் கீழே. ஆகவே "மாற்றம் ஒன்றுமில்லை" என்ற பேச்சு நிற்காது.

முன் எடையை ஒரு குழு, பின் எடையை இன்னொரு குழு என்று வைத்துச் சோதித்தால் என்ன?

பரீட்சையில் மாணவர்கள் அதிகம் விடும் தப்பு இதுதான். மேலே உள்ள அதே எண்களை அப்படிப் போட்டுப் பார்த்தால் சராசரிகள் 76.4, 74.9. வித்தியாசம் அதே 1.5 கிலோதான். ஆனால் டி மதிப்பு 0.44 மட்டுமே வரும். இருபது எண்ணில் இரண்டு குறைத்து 18-க்கான வரிசையைப் பார்த்தால், தாண்ட வேண்டிய கோடு 2.101. "ஒன்றும் நடக்கவில்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுவோம்!

காரணம், 65 கிலோ ஆளும் 90 கிலோ ஆளும் ஒரே குழுவில் இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் இருக்கும் அந்த ஏற்றத்தாழ்வில் (திட்ட விலக்கம் ஏழெட்டுக் கிலோ) ஒன்றரைக் கிலோ மாற்றம் காணாமல் போய்விடுகிறது. அவரவரை அவரவரோடே ஒப்பிடும்போது அந்த ஏற்றத்தாழ்வு கழிந்துபோகிறது. இணைச் சோதனையின் பலமே இதுதான். வித்தியாசங்கள் கிடைத்தால் நன்று. வெறும் இரண்டு சராசரியை மட்டும் விளம்பரத்தில் போட்டிருந்தால் அதை வைத்து யாராலும் சோதனை செய்ய முடியாது.

பி மதிப்பு 0.002 என்றால் கஞ்சி 99.8 சதவீதம் வேலை செய்கிறது என்று அர்த்தமா?

இல்லை. மாற்றமே இல்லாத ஓர் உலகத்தில், வெறும் தற்செயலாக இவ்வளவு பெரிய வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ வருவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டுக்கும் குறைவு. அவ்வளவுதான் அந்த எண் சொல்வது. கஞ்சியைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எவ்வளவு குறைந்தது என்பதையும் சொல்லவில்லை.

மாற்றம் இருக்கிறது, சரி. ஆனால் விளம்பரத்தில் சொன்னது ஐந்து கிலோ ஆயிற்றே?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் குறைவு. எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

"புள்ளியியல்படி நிரூபிக்கப்பட்டது" என்று நோட்டீஸில் போடுகிறவர்கள் பெரும்பாலும் பூஜ்யத்தோடு ஒப்பிட்டுவிட்டு, ஐந்து கிலோவைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு பேச்சு. பூஜ்யம் இல்லை என்று காட்டியதால் ஐந்து என்று ஆகிவிடாது.

விளம்பரம் ஐந்து கிலோ என்று சொன்னால், அந்த ஐந்தையே கருதுகோளில் வையுங்கள். "சராசரிக் குறைவு 5 கிலோ" என்று எடுத்துக்கொண்டு அதே கணக்கைப் போடுங்கள்: 1.5-லிருந்து 5-ஐக் கழித்தால் −3.5. அதை 0.342-ஆல் வகுத்தால் −10.2 வரும். 2.262-ஐத் தாண்டினாலே கருதுகோள் விழும்; இது பத்தைத் தாண்டிவிட்டது. அதாவது எந்த எண்கள் "மாற்றம் உண்டு" என்று காட்டினவோ, அதே எண்கள் ஐந்து கிலோ என்ற பேச்சை இன்னும் பலமாக உடைக்கின்றன.

இன்னொரு வழி நம்பிக்கை இடைவெளி. 2.262-ஐ 0.342-ஆல் பெருக்கினால் 0.77. சராசரி 1.5-ஓடு இதைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் 0.73 முதல் 2.27 கிலோ வரை வரும். இந்த எண்களுக்கு ஒத்துப்போகும் உண்மையான சராசரிக் குறைவு ஏறத்தாழ இந்த எல்லைக்குள் இருக்கிறது. பூஜ்யமும் இதற்குள் இல்லை, ஐந்தும் இல்லை. என்னைக் கேட்டால் பி மதிப்பைவிட இந்த இரண்டு எண்களைத்தான் விளம்பரத்தில் போடச் சொல்வேன். 73 வயதுப் பாட்டிக்கும் இது புரியும்.

அப்படியானால் அந்த ஒன்றரைக் கிலோ குறைந்ததற்குக் கஞ்சிதானே காரணம்?

அப்படியும் சொல்லிவிட முடியாது. இதைப் புரியவைக்கத்தான் நான் அதிகம் பாடுபடுகிறேன்.

கஞ்சி மாவு வாங்குகிறவர் கஞ்சியோடு நிற்பதில்லை. பணம் கொடுத்தோமே என்று காலையில் நடக்கிறார். சாயங்காலம் பஜ்ஜியைத் தள்ளி வைக்கிறார். வாட்ஸ்அப் குழுவில் எடையைப் போட வேண்டும் என்பதால் ராத்திரி மூன்றாவது தோசையை விடுகிறார். காலை நாலு இட்லிக்குப் பதிலாக ஒரு டம்ளர் கஞ்சி என்றால் சாப்பாடே குறைகிறது. எடை குறைந்தது இவற்றில் எதனால்? முன்-பின் அளவு மட்டும் இருந்தால் பிரிக்க வழியே இல்லை.

சேரும் நேரமும் ஒரு காரணம். மனிதர்கள் எடைக் குறைப்புத் திட்டத்தில் எப்போது சேர்கிறார்கள்? எடை உச்சத்தில் இருக்கும்போதுதான். தீபாவளிப் பலகாரம் முடிந்து, பொங்கல் முடிந்து, தை மாதக் கல்யாண விருந்துகளும் முடிந்து பேன்ட் பொத்தான் மாட்டாத நாளில்தான் போய்ச் சேருகிறார்கள். அந்த எடை அவருடைய வழக்கமான எடையைவிட மேலே இருக்கும். ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த மாதம் அது கொஞ்சம் கீழே வரத்தான் போகிறது. பெற்றோர்-பிள்ளைகள் உயரத்தை அளந்து ஃபிரான்சிஸ் கால்டன் 1886-இல் எழுதிய விஷயம் இதே குடும்பத்தைச் சேர்ந்தது: ஒரு முறை எல்லைக்குப் போன அளவு, அடுத்த முறை சராசரிப் பக்கம் சாயும்.

இதற்கு மருந்து ஒன்றுதான்: ஒப்பீட்டுக் குழு. இருபது பேரைச் சேர்த்து, சீட்டுக் குலுக்கி, பத்துப் பேருக்குக் கஞ்சி. மற்ற பத்துப் பேருக்குக் கஞ்சி இல்லை, ஆனால் அதே நடை, அதே வாட்ஸ்அப் குழு, அதே தராசு. கஞ்சி இல்லாதவர்களுக்குச் சராசரியாக 1.1 கிலோ குறைந்தது, திட்ட விலக்கம் 1.0 என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒப்பிட வேண்டியது 1.5-ஐயும் 1.1-ஐயும். இரண்டுக்கும் இடைவெளி 0.4 கிலோ. இவர்கள் உண்மையிலேயே வெவ்வேறு ஆட்கள் என்பதால் இங்கே இரண்டு தனிக்குழுச் சோதனைதான் சரி; அதில் டி மதிப்பு 0.86 வருகிறது. எல்லைக்கோட்டின் பாதியைக்கூடத் தொடவில்லை. ஒன்றரைக் கிலோவும் உண்மை, பி மதிப்பும் உண்மை, ஆனாலும் கஞ்சிக்குத் தனிப் பெருமை எதுவும் நிரூபணமாகவில்லை.

சீட்டுக் குலுக்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். "யாருக்கு விருப்பமோ அவர்கள் கஞ்சி எடுங்கள்" என்று விட்டால், ஆர்வம் உள்ளவர்கள் எல்லாம் ஒரு பக்கம் போய்விடுவார்கள். பிறகு கஞ்சியை அளக்கிறோமா, ஆர்வத்தை அளக்கிறோமா என்று தெரியாது.

பாதியில் நின்றவர்களை என்ன செய்வது?

விளம்பரங்களில் உண்மை ஒளிந்துகொள்ளும் இடம் இதுதான். "திட்டத்தை முடித்தவர்களுக்குச் சராசரி 1.5 கிலோ" என்று போடுவார்கள். சேர்ந்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். இருபது பேர் சேர்ந்து பத்துப் பேர்தான் முடித்திருந்தால், நின்ற பத்துப் பேர் யார்? பெரும்பாலும் எடை குறையாதவர்கள், வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள், சலித்துப்போனவர்கள். குறைந்தவர்களுக்கு நிற்கக் காரணமில்லையே.

நின்றவர்களுக்கு மாற்றம் பூஜ்யம் என்று வைத்துப் பார்த்தாலே சராசரி 0.75 கிலோவுக்கு இறங்கிவிடும், அப்படியே பாதி. அவர்களில் சிலருக்கு எடை கூடியிருந்தால் இன்னும் கீழே. முடிந்தால் நின்றவர்களையும் கூப்பிட்டு, கடைசி நாளில் எடை பார்ப்பதே நேர்மையான வழி. ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் வேலை அது, ஆனால் விற்கிறவர்கள் செய்வதில்லை.

ஏற்காட்டில் மூன்று நாள் முகாம், மூன்று கிலோ குறையும் என்கிறார்கள். போய் வந்த எல்லோருக்குமே குறைந்திருக்கிறதே?

குறைந்திருக்கும். இணைச் சோதனை போட்டால் பி மதிப்பும் மிகச் சிறியதாகவே வரும். ஆனால் குறைந்தது கொழுப்பு அல்ல.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. மூன்று கிலோ என்றால் 23,100. ஒருவர் மூன்று நாளும் தண்ணீரைத் தவிர எதுவும் சாப்பிடாமல், சேர்வராயன் கோயிலுக்கும் பகோடா பாயிண்டுக்கும் நடந்து நடந்து நாளுக்கு 3,000 கலோரி எரித்தாலும் மொத்தம் 9,000தான். கொழுப்பாகக் கணக்குப் போட்டால் ஒரு கிலோ சொச்சம். முகாமில் யாரும் பட்டினி கிடப்பதில்லை, ஆகவே அதுவும் வராது.

மீதி எங்கே போனது? தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேமிப்பில் இருக்கும், ஏறத்தாழ 400, 500 கிராம். ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, இட்லியை நிறுத்திக் காய்கறி சூப்பில் வைத்து, காலையில் மலை ஏறச் சொன்னால் இரண்டு மூன்று நாளில் அது பெரும்பாலும் காலியாகிவிடும். அதோடு ஒன்றரை இரண்டு கிலோ போய்விடும். வியர்வை ஒரு பக்கம். குடலில் வழக்கமாக இருக்கும் சாப்பாடும் குறைந்திருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வந்து, வீட்டில் இரண்டு நாள் சோறு சாப்பிட்டால் முக்கால்வாசி திரும்பி வந்துவிடும்.

தராசு எதை அளக்கிறதோ அதைப் பற்றித்தான் சோதனை பேசும். தராசு தண்ணீரையும் கொழுப்பையும் பிரிக்காது, ஆகவே சோதனையும் பிரிக்காது. முகாம்காரர்களிடம் கேட்க வேண்டியது கடைசி நாள் எடையை அல்ல; ஒரு மாதம், மூன்று மாதம் கழித்து அதே ஆட்களின் எடையை.

ஏற்காட்டுக்கு இதற்காகப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் குளிரில் மிளகும் காபியும் விளைந்து நிற்கும் தோட்டங்களின் நடுவே நடப்பது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. கிலோக் கணக்கு சொல்லிக் காசு வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மலை மேலே போனால் எடையே குறைவாகக் காட்டும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் பொருட்படுத்தும் அளவு இல்லை. உயரம் கூடக்கூடப் புவியீர்ப்பு சற்றே குறையும். சேலத்தைவிட ஏற்காடு ஆயிரத்து இருநூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. 70 கிலோ ஆளுக்கு அதனால் வரும் வித்தியாசம் 30 கிராமைத் தாண்டாது. முன் எடையைச் சேலத்து வீட்டுத் தராசிலும் பின் எடையை முகாம் தராசிலும் பார்த்தால் வரும் வித்தியாசம் இதைப்போலப் பல மடங்கு. இரண்டுக்கும் ஒரே தராசு என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

படத்தில் இருக்கிறவருக்கு உண்மையிலேயே 15 கிலோ குறைந்திருக்கிறது. எனக்கு அவரைத் தெரியும்.

நம்புகிறேன். அவர் பாடுபட்டிருப்பார். ஆனால் பத்துப் பேரில் ஒருவருக்கு 15 கிலோ குறைந்து, மற்ற ஒன்பது பேருக்கும் ஒன்றுமே குறையவில்லை என்று வைத்துப் பாருங்கள். சராசரி என்ன? 1.5 கிலோ, நம் கஞ்சிக் கணக்கில் வந்த அதே எண். ஆனால் திட்டப்பிழையும் 1.5 ஆகிவிடுகிறது, டி மதிப்பு சரியாக 1. சோதனை தேறாது. ஒரே சராசரி, முற்றிலும் வேறு கதை. சோதனை சராசரியோடு சேர்த்துச் சிதறலையும் பார்ப்பதால்தான் இது பிடிபடுகிறது.

இப்படி ஒருவர் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும் தரவுக்கு டி சோதனை அவ்வளவு பொருத்தமும் இல்லை. ஃபிராங்க் வில்காக்ஸன் 1945-இல் கொடுத்த தரவரிசைச் சோதனை இருக்கிறது. கிலோவைப் பார்க்காமல் வித்தியாசங்களின் வரிசையைப் பார்க்கும். அதைவிட எளிது குறிச் சோதனை. எத்தனை பேருக்குக் குறைந்தது, எத்தனை பேருக்குக் கூடியது என்று எண்ணினால் போதும். நம் கஞ்சிக் குழுவில் ஒன்பது பேருக்குக் குறைவு, ஒருவருக்குக் கூடுதல். பூவா தலையா போட்டால் பத்தில் ஒன்பதோ பத்தோ ஒரே பக்கமாக விழும் வாய்ப்பு 1024-இல் 22, அதாவது ஏறத்தாழ 2 சதவீதம். டி சோதனை சொன்னதையே இதுவும் சொல்கிறது, கொஞ்சம் தணிந்த குரலில்.

எத்தனை பேர் இருந்தால் போதும்?

எவ்வளவு சிறிய மாற்றத்தைப் பிடிக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. வித்தியாசங்களின் திட்ட விலக்கம் 1.1 கிலோ சுற்றி இருந்தால், உண்மையான 1 கிலோக் குறைவை ஐந்துக்கு நான்கு முறையாவது கண்டுபிடிக்கப் பன்னிரண்டு பேர் அளவில் போதும். அரைக் கிலோவைப் பிடிக்க வேண்டுமென்றால் நாற்பது பேர் அளவில் வேண்டும். மாற்றம் பாதியானால் ஆள் ஏறத்தாழ நாலு மடங்கு. ஒப்பீட்டுக் குழு வைத்தால் இதைவிடவும் கூடும்.

எக்செல்லில் போடலாமா?

போடலாம். டி.டெஸ்ட் என்ற ஃபங்ஷனில் முதலில் முன் எடைகள், அடுத்து பின் எடைகள், மூன்றாவதாக 2, நான்காவதாக 1 கொடுங்கள். நான்காவது இடத்தில் 1 போட்டால்தான் இணைச் சோதனை. 2, 3 போட்டால் தனித்தனிக் குழு என்று எடுத்துக்கொள்ளும். மேலே பார்த்த 0.44 தப்பு அப்படித்தான் வருகிறது. மூன்றாவது இடத்தில் இருக்கும் 2, கூடவும் செய்யலாம் குறையவும் செய்யலாம் என்று இரண்டு பக்கமும் பார்ப்பது. "எங்கள் மாவால் எடை கூட வாய்ப்பே இல்லை" என்று சொல்லி ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் எல்லைக்கோடு 2.262-லிருந்து 1.833-க்கு இறங்கும், தேறுவது எளிதாகிவிடும். எண்களைப் பார்த்தபின் ஒரு பக்கத்துக்கு மாறுவது ஏமாற்று.

அந்த ஃபங்ஷன் பி மதிப்பை மட்டும் கொடுக்கும். சராசரியையும் இடைவெளியையும் நீங்கள்தான் தனியே போட வேண்டும்.

எடை குறையவில்லை, ஆனால் இடுப்பளவு குறைந்தது, சர்க்கரை குறைந்தது, தூக்கம் நன்றாக வருகிறது என்கிறார்களே?

எதை அளக்கப் போகிறோம் என்று முதலிலேயே சொன்னார்களா என்று பாருங்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இருபது விஷயத்தை 5 சதவீத அளவில் சோதித்தால், எதிலும் மாற்றம் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்றாவது தற்செயலாகத் தேறிவிடும் வாய்ப்பு 64 சதவீதம். பிறகு அந்த ஒன்றை எடுத்து நோட்டீஸ் அடிப்பார்கள். வாராவாரம் சோதித்து, தேறிய வாரத்தோடு நிறுத்திக்கொள்வதும் இதே வேலைதான்.

சர்க்கரைக்கோ தைராய்டுக்கோ மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எந்தச் சென்டர் சொன்னாலும், எந்த பி மதிப்பைக் காட்டினாலும், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இந்தச் சோதனையைக் கண்டுபிடித்தது யார்?

வில்லியம் கோசெட். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். பார்லியை வைத்துச் சில பரிசோதனைகளே செய்ய முடியும், அந்தச் சில எண்களிலிருந்து எப்படி நம்பகமாக முடிவு எடுப்பது என்பது அவருடைய பிரச்சினை. 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் விடையை வெளியிட்டார். அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டிய முதல் கணக்கே ஓர் இணைக் கணக்குதான்: பத்து நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் இரண்டு தூக்க மருந்து, எந்த மருந்தில் எத்தனை மணி நேரம் கூடுதல் தூக்கம் என்ற வித்தியாசம். சராசரி வித்தியாசம் 1.58 மணி நேரம். நாம் மேலே போட்ட பத்துப் பேர் கணக்கும் அதே அச்சுதான்.

இப்படிப் பொய்யாக விளம்பரம் செய்தால் சட்டத்தில் ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் குறித்த 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் உடல் பருமனும் உண்டு. அதைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது. மாவு, ஷேக் போன்றவற்றை உணவு என்று சொல்லி விற்றால், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள் விளம்பர வாசகங்களைக் கட்டுப்படுத்துகின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நோட்டீஸையும் ரசீதையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

எங்கள் தெருவில் நாங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாமா?

தாராளமாகச் செய்யுங்கள், நாற்பது பேர் சேர்ந்தால் நல்லது. என்ன அளக்கப் போகிறீர்கள், எத்தனை நாள், எவ்வளவு குறைந்தால் "குறைந்தது" என்பீர்கள் என்று முதல் நாளே ஒரு நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள்.

தராசு ஒன்றே ஒன்று, சமதளமான தரையில், அசையாமல். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்யும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளியை நிறுக்கும் முன் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து, தெரிந்த எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்த பிறகே வேலையைத் தொடங்குவார்கள். ஒவ்வொரு கிராமுக்கும் காசு என்பதால் அந்தக் கவனம். உங்களுக்கு எடைக்கல் இல்லாவிட்டால், சீல் பிரிக்காத இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை ஒதுக்கி வையுங்கள். ஒவ்வொரு முறை எடை பார்க்கும் முன்பும் அதைத் தராசில் ஏற்றுங்கள். முதல் நாள் 20.7 என்று காட்டிய தராசு முப்பதாம் நாள் 20.1 என்று காட்டினால், அந்த 600 கிராம் யாருடைய உடம்பிலிருந்தும் போனதல்ல.

காலையில் எழுந்து, கழிப்பறை போய் வந்து, காபிக்கு முன்னால், மெல்லிய உடையில் நில்லுங்கள். முதலிலும் கடைசியிலும் மூன்று நாள் தொடர்ந்து பார்த்துச் சராசரி எடுத்தால் தண்ணீர் விளையாட்டு பாதி அடங்கும். எடையைப் பார்த்துக் குறிப்பவருக்கு, ஏறி நிற்பவர் எந்தக் குழு என்று தெரியாமல் இருப்பது நல்லது, தெரிந்தால் 70.6-ஐ 70.5 என்று எழுதக் கை போகும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, தீபாவளி, மாம்பழ சீசன் குறுக்கே வந்தால் வரட்டும். இரண்டு குழுவும் ஒரே திருவிழாவைக் கொண்டாடி, ஒரே மல்கோவாவைச் சாப்பிடும்போது அது கணக்கைக் கெடுக்காது. பாதியில் நின்றவர் பெயரை மட்டும் நோட்டிலிருந்து அடிக்காதீர்கள். கடைசி நாள் காலையில் அவர் வீட்டுக் கதவையும் தட்டிக் கூப்பிடுங்கள்.